பிரெட் ஹார்ட்: அவர் தோற்ற மேட்ச்களைப் பற்றிப் பேசுவோம்

கெடிலக்கரை (கடலூர்)

பழைய ரெஸ்லிங் பற்றி நம் பக்கத்து ஆட்கள் பேசினால், பேச்சு அண்டர்டேக்கரில் ஆரம்பித்து ராக்கில் முடிந்துவிடும். நடுவில் யாராவது ஷான் மைக்கேல்ஸ் பெயரைச் சொல்வார்கள். பிரெட் ஹார்ட்டைப் பற்றி மட்டும் முழுதாக ஓர் இழையை இந்த மன்றத்தில் நான் பார்த்ததில்லை. அதனால் நானே தொடங்குகிறேன்.

1991 முதல் 1997 வரை அவர் ஆடிய முக்கியமான மேட்ச்களைச் சமீபத்தில் வரிசையாகப் பார்த்து முடித்தேன். அவருடைய ஆகச் சிறந்த மேட்ச்கள் பலவற்றில் தோற்றவர் அவர்தான். ஜெயித்த சிலவற்றிலும், கடைசியில் கூட்டம் கொண்டாடியது எதிரில் நின்றவரை. எதிராளியைப் பெரிய ஆளாகக் காட்டுவதுதான் ஒரு ரெஸ்லரின் முதல் வேலை என்றால், அதை பிரெட் அளவுக்குச் செய்தவர் யாரும் இல்லை.

சின்ன வயதில் இது நமக்குப் பிடிபடாமல் போனதற்கு டிரம்ப் கார்டும் ஒரு காரணம். திண்ணையில் உட்கார்ந்து ஆடிய அந்த அட்டைகளில் உயரம், எடை, மார்பு, பைசெப்ஸ் என்று எண்கள்தான் பேசும். பிரெட் ஆறடி, 234 பவுண்டு. எதிரே 500 பவுண்டைத் தாண்டிய யோகோசுனா வந்தால் கார்டு பறிபோகும். ஒரு மேட்ச்சை எப்படிக் கட்டுகிறார் என்பதற்கு அந்த அட்டையில் இடமே கிடையாது.

1957இல் கனடாவின் கால்கரியில் பிறந்தவர். அப்பா ஸ்டூ ஹார்ட், ஸ்டாம்பீட் ரெஸ்லிங் என்ற கம்பெனியை நடத்தியவர். வீட்டின் அடித்தளத்தில் இருந்த பயிற்சி அறைக்கு டஞ்சன் என்று பெயர். பன்னிரண்டு பிள்ளைகள் கொண்ட குடும்பம், பையன்கள் எல்லோரும் ஏதோ ஒரு விதத்தில் இந்தத் தொழிலைத் தொட்டவர்கள். 1984இல் டபிள்யூ.டபிள்யூ.எஃப். என்ற பெரிய அமெரிக்க ரெஸ்லிங் கம்பெனிக்கு (இன்றைய டபிள்யூ.டபிள்யூ.இ.) வந்தார். அக்காவின் கணவர் ஜிம் நைட்ஹார்ட்டோடு சேர்ந்து ஹார்ட் ஃபவுண்டேஷன் என்ற டேக் டீம் (இருவர் அணி), இரண்டு முறை பெல்ட், அதாவது சாம்பியன் பட்டம். அந்தக் காலத்தை இங்கே வேகமாகத் தாண்டிவிடுகிறேன், ஏனென்றால் நான் பேச வந்தது அவர் தனியாக ஆடியதைப் பற்றி.

முதல் பெரிய மேட்ச் 1991 சம்மர்ஸ்லாம் (கம்பெனியின் பெரிய வருடாந்திர நிகழ்ச்சிகளில் ஒன்று), நியூயார்க்கின் மேடிசன் ஸ்கொயர் கார்டன். எதிராளி மிஸ்டர் பெர்ஃபெக்ட், அதாவது கர்ட் ஹென்னிக். அவருக்கு அப்போது முதுகில் கடுமையான காயம், அதோடுதான் ரிங்கில் ஏறினார். கீழே கிடக்கும் பிரெட்டின் மேல் ஹென்னிக் காலால் விழ வருகிறார், பிரெட் படுத்தபடியே அந்தக் கால்களைப் பிடித்து, அப்படியே திருப்பி ஷார்ப்ஷூட்டர் போடுகிறார், எதிராளியைக் குப்புறத் தள்ளிக் கால்களைப் பின்னி முறுக்கும் அவருடைய முத்திரைப் பிடி அது. இன்டர்கான்டினென்டல் பெல்ட் (உலக பெல்ட்டுக்கு அடுத்த நிலை) கை மாறுகிறது. இதில் ஜெயித்தவர் பிரெட்தான், ஆனால் உடம்பு முடியாத மனிதரை உலகத்தின் சிறந்த ரெஸ்லராகவே கடைசி நொடி வரை காட்டி அனுப்பினார்.

அடுத்தது 1992 ஆகஸ்ட் 29, லண்டன் வெம்ப்ளி ஸ்டேடியம். என்னைக் கேட்டால் அவர் வாழ்க்கையின் உச்சம் இதுதான். எதிரில் பிரிட்டிஷ் புல்டாக், டேவி பாய் ஸ்மித், பிரெட்டின் தங்கை டயானாவின் கணவர். மச்சானும் மச்சானும் மோதுகிறார்கள், 80 ஆயிரம் பேருக்கு மேல் கூட்டம் என்று அறிவித்தார்கள், அத்தனை பேரும் உள்ளூர் ஆளான டேவி பக்கம். உலக சாம்பியன் மேட்ச்சை முன்னால் வைத்துவிட்டு இதைக் கடைசி மேட்ச்சாக வைத்தார்கள் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள். தொடங்கிய கொஞ்ச நேரத்திலேயே டேவிக்கு மூச்சு முட்டி, பேசி வைத்த எல்லாமே மறந்துவிட்டது என்று பிரெட் பிறகு சொல்லியிருக்கிறார். ஒவ்வொரு அடியையும் அவர் காதில் சொல்லிச் சொல்லித்தான் அந்த மேட்ச்சை நகர்த்தினாராம்.

இதைத் தெரிந்துகொண்டு மறுபடி பாருங்கள். பிரெட் எத்தனை முறை டேவியைப் பிடியில் வைத்துக்கொண்டு நிதானமாக இருக்கிறார், எங்கே அவருக்கு மூச்சு வாங்க நேரம் கொடுக்கிறார், எப்போது அவரைத் தூக்கி வீச விடுகிறார் என்பது தெரியும். அவ்வளவும் செய்துவிட்டு, முடிவில் பிரெட் போட்ட சன்செட் ஃப்ளிப்பின் (எதிராளியைத் தாண்டிக் குதித்துக் கவிழ்க்கும் அடி) மேலேயே டேவி உட்கார்ந்து கால்களை மடக்கி 'பின்' செய்கிறார், அதாவது ரெஃப்ரி மூன்று எண்ணும் வரை தோள்களைத் தரையில் அமுக்கி வைக்கிறார். கூட்டம் வெடிக்கிறது. மேட்ச் முழுவதையும் தோளில் சுமந்தவர் தோல்வியோடு எழுந்து நிற்கிறார். முதலில் கை கொடுக்கத் தயங்கி, அப்புறம் கட்டிப்பிடிக்கிறார்.

மூன்றாவது, 1994 மார்ச் 20, கம்பெனியின் வருடத்தின் மிகப் பெரிய நிகழ்ச்சியான ரெஸ்ல்மேனியா 10. தம்பி ஓவனோடு, முதல் மேட்ச். அண்ணன் நிழலில் வளர்ந்த தம்பி, அண்ணனை நேருக்கு நேர் ஜெயிக்கிறான். தந்திரம் இல்லை, வெளியாள் உதவி இல்லை, பிரெட் போட்ட விக்டரி ரோலை (தோளில் ஏறி உருட்டும் பிடி) நடுவிலேயே அமுக்கிச் சுத்தமான பின். அதே இரவில் கடைசி மேட்ச்சில் யோகோசுனாவை ஜெயித்து உலக பெல்ட்டை வாங்குகிறார் பிரெட். மற்ற ரெஸ்லர்கள் ரிங்குக்குள் வந்து அவரைத் தூக்கிக் கொண்டாட, ஓவன் நடைபாதையில் நின்று முறைத்துக்கொண்டிருக்கிறான். 'நான் ஜெயித்தவன்தானே இவன்' என்று அந்த முகத்தில் எழுதியிருக்கும். பெல்ட் வாங்கிய இரவிலும் தம்பியை ஒரு நட்சத்திரமாக்கிவிட்டுத்தான் வாங்கினார்.

1996, 1997 மேட்ச்களை உங்களுக்கு விட்டு வைக்கிறேன். சொல்லுங்கள்.

முத்தியால்பேட்டை (புதுச்சேரி)

நல்ல இழை. ஆனால் 1996 ரெஸ்ல்மேனியா 12 அயர்ன் மேன் மேட்ச்சைப் பற்றிப் பேசாமல் போக விடமாட்டேன். நான் ஷான் மைக்கேல்ஸ் ரசிகன். கம்பியில் தொங்கியபடி மேலிருந்து இறங்கி வந்ததை டிவியில் பார்த்த நாளிலிருந்து.

அயர்ன் மேன் என்றால் நேரம் முடிவதற்குள் அதிக முறை வீழ்த்துபவருக்கு வெற்றி. 60 நிமிடம், இருவரும் ஒரு பின்கூட எடுக்கவில்லை. கடைசி நொடிகளில் பிரெட் ஷார்ப்ஷூட்டரைப் பூட்டுகிறார், ஷான் விட்டுக்கொடுக்கவில்லை, மணி அடிக்கிறது, பிரெட் பெல்ட்டோடு நடையைக் கட்டுகிறார். கூடுதல் நேரம் கொடுத்துத் திரும்பக் கூப்பிடுகிறார்கள், ஷான் இரண்டு சூப்பர்கிக் வைத்து ஜெயிக்கிறார். முடிவு பிரமாதம். ஆனால் முதல் அரை மணி நேரம் முழுக்கத் தலையைப் பிடி, கையைப் பிடி. அந்த வேகக் குறைவுக்குக் காரணம் பிரெட் என்றுதான் நான் நினைக்கிறேன். ஷானை அவர் போக்கில் விட்டிருந்தால் அது வேறு மேட்ச்.

நெய்வேலி ரெண்டாம் ஷிப்ட்

ஓவன் மேட்ச்தான் நம்பர் ஒன். மேலே பேச்சே இல்லை. அதே வருஷம் சம்மர்ஸ்லாமில் இரண்டு பேரும் கூண்டுக்குள் ஆடியதையும் சேர்த்துக்கொள்ளுங்கள், ரத்தம் ஒரு சொட்டு இல்லாமல் அரை மணி நேரம் நம்மை உட்கார வைத்த கேஜ் மேட்ச் அது.

கெடிலக்கரை (கடலூர்)

முத்தியால்பேட்டை நண்பரே, முதல் அரை மணி நேரம் மெதுவாகப் போவது உண்மை. ஆனால் 60 நிமிடம் ஓட வேண்டிய ஆள் முதல் பத்து நிமிடத்தில் பறந்தால் யாரும் நம்பமாட்டார்கள். பிரெட் பிடித்துப் பிடித்து ஷானைக் களைக்க வைக்கப் பார்க்கிறார், அதனால்தான் கடைசி இருபது நிமிடத்தில் ஷான் எழுந்திருக்கும் ஒவ்வொரு முறையும் நமக்குப் பதறுகிறது. ஷானின் 'சின்ன வயதுக் கனவு' அந்த இரவில் நிறைவேறியது என்று இன்றும் சொல்கிறோமே, அந்தக் கனவுக்கு விலை வைத்தவர் பிரெட்.

லாஸ்பேட்டை வாசகி

நான் ரெஸ்லிங் பார்க்கத் தொடங்கியது 2002க்குப் பிறகு, டென் ஸ்போர்ட்ஸில். அப்போது பிரெட் ரிங்கில் இல்லை. எனக்கு ஸ்டோன் கோல்ட் ஸ்டீவ் ஆஸ்டினைப் பிடிக்கும், அவர் எப்படி அவ்வளவு பெரிய ஆள் ஆனார் என்று பின்னோக்கித் தேடிப் போய்த்தான் பிரெட்டிடம் வந்து சேர்ந்தேன். அதனால் 1997 ரெஸ்ல்மேனியா 13ஐ நான் எழுதுகிறேன்.

சிகாகோ பக்கம், மார்ச் 23. சப்மிஷன் மேட்ச், அதாவது எதிராளியை 'போதும்' என்று சொல்ல வைத்தால்தான் வெற்றி, ரெஃப்ரி கென் ஷாம்ராக். உள்ளே வரும்போது பிரெட் நல்லவர், ஆஸ்டின் கெட்டவர். அரங்கத்தில் ஏற்கெனவே ஒரு பகுதி ஆஸ்டின் பக்கம் சாயத் தொடங்கியிருந்தது, இருவரும் அதைத் தெரிந்துதான் ஆடுகிறார்கள். கூட்டத்துக்குள் போய் அடித்துக்கொள்கிறார்கள், படிக்கட்டு, நாற்காலி, மின்சார ஒயர் எல்லாம் வருகிறது. பிரெட் ஆஸ்டினின் முழங்காலைக் குறிவைத்துச் சிதைக்கிறார். அந்தப் பொறுமை, அந்தக் குறி, கொஞ்சம் கொஞ்சமாக அவரைக் கொடூரமானவராக மாற்றுகிறது.

கடைசியில் ஷார்ப்ஷூட்டர். ஆஸ்டினின் நெற்றியிலிருந்து ரத்தம் பல்லிடுக்கு வரை வழிகிறது. கத்துகிறார், தரையைப் பிடித்துத் தள்ளிப் பார்க்கிறார், ஆனால் 'போதும்' என்ற சொல் மட்டும் வரவில்லை. மயங்கிவிடுகிறார். ஷாம்ராக் மேட்ச்சை நிறுத்துகிறார். கணக்குப்படி பிரெட் ஜெயித்துவிட்டார். ஆனால் மயங்கிக் கிடப்பவரின் காலை மறுபடி பிடித்து முறுக்கப் போகிறார் பாருங்கள், அந்த இடத்தில்தான் கூட்டம் அவரைக் கைவிடுகிறது. ஆஸ்டின் யார் உதவியும் வாங்காமல் நொண்டிக்கொண்டே வெளியே போக, அரங்கம் அவர் பெயரைக் கத்துகிறது.

ஒரே மேட்ச்சில் நல்லவர் கெட்டவராகவும் கெட்டவர் நல்லவராகவும் மாறினார்கள். இதில் ஆஸ்டின் நடிப்பைப் பற்றி எல்லோரும் பேசுவார்கள், பேசவும் வேண்டும். ஆனால் பத்து வருஷமாக ரிங்குக்கு வரும்போது தன் கண்ணாடியைக் கழற்றிக் குழந்தைகளுக்குக் கொடுத்துச் சேர்த்த நல்ல பெயரை, அடுத்தவர் உயர்வுக்காக ஒரே இரவில் மேடையில் வைத்துவிட்டுப் போனவர் பிரெட். கெடிலக்கரை அண்ணா சொன்ன வாதத்துக்கு இதைவிடப் பெரிய சாட்சி எனக்குத் தெரியவில்லை.

முதுநகர் (கடலூர்)

அக்கா சொன்ன மேட்ச்சுக்கு முன்னால் இருவரும் ஆடிய 1996 சர்வைவர் சீரிஸையும் பாருங்கள். அதில் ஆஸ்டின் பின்னாலிருந்து கழுத்தைப் பூட்டுகிறார், பிரெட் மூலைக் கம்பத்தில் காலை உதைத்துப் பின்னால் சாய்ந்து, பிடி விடாத ஆஸ்டினை அப்படியே பின் செய்கிறார். 1992 ரெஸ்ல்மேனியா 8இல் ராடி பைப்பரை ஜெயித்ததும் இதே முடிவுதான். எதிராளியின் பிடி உடையவே இல்லை, அவர் பலம் குறையவே இல்லை, நூலிழையில் தப்பினார் பிரெட். ஜெயிக்கும்போதும் எதிராளியைக் கீழே இறக்காத ஒரு வழியைக் கண்டுபிடித்து வைத்திருந்தார்.

வீட்டில் கேசட்டில் பதிந்து வைத்திருந்தோம் இந்தப் பழைய மேட்ச்களை. 2011இல் தானே புயல் வந்தபோது எல்லாம் நனைந்து போயின. அதற்குப் பிறகு நெட்டில்தான்.

பண்ருட்டி பஸ் ஸ்டாண்டு

எல்லாரும் உணர்ச்சியாகப் பேசுகிறீர்கள், மரியாதையோடு கேட்கிறேன். யார் ஜெயிக்க வேண்டும் என்று முன்பே முடிவு செய்துவிட்டுத்தானே ரிங்கில் ஏறுகிறார்கள்? கம்பெனி தோற்கச் சொன்னால் தோற்கிறார். இதில் அவருக்கு என்ன பெருமை? நிஜ மல்யுத்தத்தில் தோற்பவனுக்கு வலியாவது மிஞ்சும்.

வில்லியனூர்

தம்பி, நீங்கள் பண்ருட்டிப் பக்கம் என்பதால் கேட்கிறேன், திரௌபதி அம்மன் கோயிலில் படுகளம் பார்த்திருப்பீர்கள். பதினெட்டாம் போரில் துரியோதனன் விழுவான் என்பது ஊரில் பால் குடிக்கும் பிள்ளைக்கும் தெரியும். தெரிந்தும் விடிய விடிய உட்கார்ந்திருக்கிறோம். பீமன் அடிப்பது கூத்து, ஆனால் துரியோதனன் வேடம் கட்டியவர் எப்படி விழுகிறார் என்பதில்தான் பீமனின் பலம் நிற்கிறது. அவர் சும்மா சரிந்து விழுந்தால் பீமன் சிறுத்துப் போவான். நல்ல வேடக்காரர் தொடையில் அடி விழுந்த பிறகும் எழுந்து, தடுமாறி, இன்னொரு முறை கதையைத் தூக்கப் பார்ப்பார். அங்கேதான் பெண்கள் கண்ணைத் துடைப்பார்கள்.

முடிவு யார் கையில் இருந்தாலும், விழுகிற விதம் அவர் கையில்தான் இருக்கிறது. வெம்ப்ளியில் யார் ஜெயிக்க வேண்டும் என்பதைக் கம்பெனி சொல்லியிருக்கும். 80 ஆயிரம் பேரை அந்த நொடி வரை கொண்டுவந்து சேர்த்தது பிரெட்.

வலி பற்றிக் கேட்டீர்கள். அது நிஜம். 1995 சர்வைவர் சீரிஸில் டீசல் என்ற ரெஸ்லர் தள்ளிவிட, பிரெட் ரிங்குக்கு வெளியே வர்ணனையாளர் மேசையை உடைத்துக்கொண்டு விழுந்தாரே, அந்த மேசை நிஜ மேசை, அந்த முதுகு நிஜ முதுகு.

பண்ருட்டி பஸ் ஸ்டாண்டு

சரி, விழுகிற விதம் என்பது எனக்குப் புரிகிறது. அப்படியானால் இன்னொரு கேள்வி. தோற்பதில்தான் அவர் பெரியவர் என்கிறீர்கள். 1997 மான்ட்ரியாலில் ஷானிடம் தோற்க மறுத்தது யார்? அதே பிரெட்தானே?

முத்தியால்பேட்டை (புதுச்சேரி)

இதைத்தான் நானும் கேட்க நினைத்தேன். வேறு கம்பெனிக்குப் போகிற ஆள் பெல்ட்டை விட்டுவிட்டுப் போவதுதானே தொழில் தர்மம்? கம்பெனி முதலாளி வின்ஸ் மக்மஹன் இடத்தில் யார் இருந்தாலும் பயந்திருப்பார்கள், பெல்ட்டோடு அவர் எதிர் கம்பெனி டிவியில் போய் நின்றால் என்ன ஆகும்?

கெடிலக்கரை (கடலூர்)

இந்தக் கேள்வி வரும் என்று எதிர்பார்த்தேன், வந்ததில் சந்தோஷம். கொஞ்சம் நீளமாகச் சொல்கிறேன்.

நடந்தது இதுதான். 1996இல் பிரெட்டுக்கு வின்ஸ் 20 வருட ஒப்பந்தம் கொடுத்தார். அடுத்த வருடமே பணம் கட்டுப்படியாகவில்லை, வேறு இடம் பார்த்துக்கொள் என்று சொன்னதும் அவரே. பிரெட் எதிர் கம்பெனியான டபிள்யூ.சி.டபிள்யூ.வோடு பேசி முடித்தார். அப்போது பெல்ட் அவரிடம். நவம்பர் 9, மான்ட்ரியால் மோல்சன் சென்டர், எதிரில் ஷான். அந்த வருடம் முழுக்கக் கனடாவின் கொடியைப் பிடித்துக்கொண்டு நின்றவர் பிரெட். இருவருக்கும் தனிப்பட்ட முறையிலும் பகை. உனக்காக நான் தோற்கமாட்டேன் என்று ஷான் தன் முகத்துக்கு நேரே சொன்னதாக பிரெட் சொல்கிறார்.

அவர் மறுத்தது அந்த ஊரில், அந்த ஆளிடம் தோற்பதை. பெல்ட்டைத் தரமாட்டேன் என்று சொல்லவில்லை. அன்றைக்குக் குழப்பத்தில் மேட்ச் முடிய வேண்டும், பெல்ட்டை அதற்குப் பிறகு ஒப்படைத்துவிட்டுப் போவது என்று வின்ஸும் அவரும் பேசி ஒத்துக்கொண்டிருந்தார்கள். ஒத்துக்கொண்ட பிறகு, ஷான் ஷார்ப்ஷூட்டர் போட்ட நொடியில், பிரெட் விட்டுக்கொடுக்காமலேயே மணியை அடிக்கச் சொன்னார் வின்ஸ். ரெஃப்ரி ஏர்ல் ஹெப்னர் ஓடியே போய்விட்டார். பிரெட் எழுந்து வின்ஸின் முகத்தில் துப்பினார். காற்றில் புது கம்பெனியின் மூன்று எழுத்துகளை விரலால் எழுதிக் காட்டினார்.

தோற்பது அவருக்கு ஒரு கொடை. டேவிக்குக் கொடுத்தார், ஓவனுக்குக் கொடுத்தார், இதே ஷானுக்கு அனாஹைமில் நடந்த ரெஸ்ல்மேனியா 12இல் 60 நிமிடத்துக்கு மேல் உழைத்துக் கொடுத்தார். மான்ட்ரியாலில் அதைக் கேட்டு வாங்கவில்லை, கையிலிருந்து பிடுங்கினார்கள். வில்லியனூர் ஐயா சொன்னது போல, விழுகிற விதம் அவர் கையில் இருக்க வேண்டியது. அன்றைக்கு அது இல்லை. அவர் அத்தனை வருடம் அத்தனை பேரிடம் மனமுவந்து தோற்றவர் என்பதால்தான் அந்தக் கோபத்தை நான் நியாயம் என்கிறேன்.

வின்ஸின் பயம் பற்றி: பெல்ட்டோடு போய்விடுவார் என்று நினைக்கும் அளவுக்கு பிரெட் என்ன செய்திருந்தார்? பதிமூன்று வருடமாக ஒரே கம்பெனியில் இருந்தவர். அவர் சொன்ன சொல்லை நம்பியிருக்கலாம்.

நெய்வேலி ரெண்டாம் ஷிப்ட்

அதற்குப் பிறகு நடந்ததை நினைத்தாலே மனசு கனக்கிறது. 1999 மே 23, கன்சாஸ் சிட்டி கெம்பர் அரீனா. ஓவனைக் கூரையிலிருந்து கயிற்றில் இறக்கும்போது விழுந்து இறந்துவிட்டார். 34 வயசு. பிரெட் அப்போது வேறு கம்பெனியில். அந்த அக்டோபரில் அதே அரங்கத்தில் தம்பி நினைவாக ஒரு மேட்ச் ஆடினார், கிறிஸ் பெனுவாவோடு. பெனுவா 2007இல் மனைவியையும் மகனையும் கொன்றுவிட்டுத் தற்கொலை செய்துகொண்டது தெரிந்த பிறகு அதைப் பார்ப்பது எனக்குக் கஷ்டமாக இருக்கிறது. ஆனால் பிரெட்டுக்காகப் பார்த்தேன்.

லாஸ்பேட்டை வாசகி

அதே வருஷம் டிசம்பரில் கோல்ட்பர்க் என்ற ரெஸ்லரின் உதை தலையில் பட்டு மூளை அதிர்ச்சி, 2000இல் ரிங்கை விட்டே விலக வேண்டி வந்தது. தன்னோடு ஆடிய எவரையும் பெரிதாகக் காயப்படுத்தியதில்லை என்று பிரெட் பெருமையாகச் சொல்வார். அப்படிப்பட்டவரின் ஆட்டம் இன்னொருவரின் கவனக்குறைவான உதையில் முடிந்தது என்பதை என்னால் இன்னும் ஏற்க முடியவில்லை. 2002இல் பக்கவாதமும் வந்தது, அதிலிருந்து எழுந்து வந்தார்.

2010 ஜனவரியில் பழைய கம்பெனியின் ரா என்ற வாராந்திர டிவி நிகழ்ச்சிக்குத் திரும்பி வந்து ஷானோடு நேருக்கு நேர் பேசிக் கட்டிப்பிடித்தாரே, அதை நேரம் கிடைக்கும்போது பாருங்கள். முத்தியால்பேட்டை அண்ணாவுக்கும் அது பிடிக்கும்.

முத்தியால்பேட்டை (புதுச்சேரி)

பிடிக்கும், பார்த்திருக்கிறேன். மான்ட்ரியால் விஷயத்தில் ஷானும் முன்கூட்டியே தெரிந்து உடந்தையாக இருந்தார் என்பதை அவரே ஒத்துக்கொண்டவர், அதனால் அந்த அணைப்புக்கு அர்த்தம் உண்டு. ஆனால் அயர்ன் மேன் பற்றிய என் கருத்தை மாற்றிக்கொள்ளவில்லை.

பண்ருட்டி பஸ் ஸ்டாண்டு

புதிதாகப் பார்க்கிறவன் எங்கிருந்து தொடங்கலாம்? ஒரு மணி நேர மேட்ச் எல்லாம் எடுத்த எடுப்பில் முடியாது.

முதுநகர் (கடலூர்)

1994 ஜூலை, மண்டே நைட் ரா, 1-2-3 கிட் என்ற சின்னப் பையனோடு ஆடியது. பிரெட் சாம்பியன். பின் எடுத்து ஜெயித்துவிட்டதாக மணியும் அடித்துவிடும், ஆனால் பையனின் கால் கயிற்றில் இருந்தது (அப்படி இருந்தால் பின் செல்லாது) தெரிந்ததும் பிரெட்டே மேட்ச்சைத் தொடரச் சொல்வார். அதற்குப் பிறகு வரும் நிமிடங்களில் அந்தப் பையன் பெல்ட்டை எடுத்துவிடுவானோ என்று நீங்களே எழுந்து உட்காருவீர்கள். அதிலிருந்து ஓவன், அப்புறம் ஆஸ்டின். வெம்ப்ளியைக் கடைசியாக வையுங்கள்.

கெடிலக்கரை (கடலூர்)

நல்ல வரிசை. வெம்ப்ளியைப் பார்த்த கையோடு 1995 டிசம்பரில் நடந்த இன் யுவர் ஹவுஸ் நிகழ்ச்சியையும் போட்டுவிடுங்கள் தம்பி, அதே மச்சான் டேவியோடு ஆடிய மேட்ச். இந்த முறை கூட்டம் சின்னது, பிரெட் சாம்பியன், டேவி வில்லன். மேட்ச் நடுவில் பிரெட்டின் நெற்றி பிளந்து ரத்தமாகிவிடும். வெம்ப்ளியில் டேவியைப் பெரிய ஹீரோவாகக் காட்டியவர், இதில் அதே டேவியைப் பார்த்தாலே பயப்படும் ஆளாகக் காட்டுகிறார். ஜெயிப்பது பிரெட். பார்த்துவிட்டு இங்கேயே வந்து எழுதுங்கள், வெம்ப்ளியா இதுவா என்று எனக்கும் இன்னொருவரோடு வாதாட வேண்டும்.